சனி மாலை திரித்துவ வகுப்பு: எட்டு வாரம் போய்வந்த கணக்கு டீச்சரின் குறிப்பு

ஆசிரியர் ஓய்வறையில் என் பக்கத்து மேசை டீச்சர் ஏறாவூரைச் சேர்ந்த முஸ்லிம். பதினொரு வருடப் பழக்கம். நோன்புக் காலத்தில் அவர் வீட்டுக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். நத்தாருக்கு பிராந்தி சேர்க்காமல் தனியாகச் செய்த கேக் அவர் பிள்ளைகளுக்குப் போகும். கடந்த வருடம் ஒருநாள் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், குறை நினைக்காதீங்க. உங்களுக்கு மூண்டு கடவுளா? ஒண்டும் ஒண்டும் ஒண்டும் மூண்டுதானே. கணக்கு டீச்சர் நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்டது திரித்துவத்தை, அதாவது ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராய் இருக்கிறார் என்ற எங்கள் நம்பிக்கையை. நான் யோசிக்கவே இல்லை. "கூட்டாதீங்க டீச்சர், பெருக்குங்க. ஒண்டை ஒண்டால பெருக்கி, திரும்பவும் ஒண்டால பெருக்கினாலும் ஒண்டுதான்" என்றேன். சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வியில் யாரோ சொல்லித்தந்த பதில் அது. அவர் சிரித்து, "சரி டீச்சர்" என்று தாளுக்குத் திரும்பிவிட்டார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கூட்டவேண்டிய இடத்தில் ஏன் பெருக்குகிறேன்? அதற்கு என்னிடம் காரணம் இல்லை. ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் நான் ஒரு புள்ளியும் போட்டிருக்க மாட்டேன். உண்மையாக அறிய விரும்பிக் கேட்ட ஒரு மனுஷிக்கு நான் ஒரு வித்தையைக் காட்டி அனுப்பியிருக்கிறேன். அதுவும் 2019க்குப் பிறகு. அந்த உயிர்த்த ஞாயிறு காலை மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதலில் குழந்தைகள் உட்பட எத்தனை பேரை இழந்தோம் என்பது இந்த ஊருக்குத் தெரியும். அதற்குப் பின் நாங்கள் இருவரும் விலை, பிள்ளைகள், இடமாற்றம் எல்லாம் கதைத்தோம், சமயம் மட்டும் கதைக்கவில்லை. ஆறு வருடம் கழித்து அவர்தான் கதவைத் திறந்தார். நான் அதை ஒரு பெருக்கல் கணக்கால் சாத்திவிட்டேன்.

அதனால்தான் எங்கள் கத்தோலிக்கக் கோவில் அறிவிப்புப் பலகையில் இந்த வகுப்பைக் கண்டதும் பெயர் கொடுத்தேன். அடுத்த தொகுதியில் சேரலாமா என்று சிலர் கேட்கிறார்கள், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இடம் மட்டக்களப்பு நகரத்துக்குள் ஒரு பங்கு மண்டபம். 2025 ஜூன் 14 தொடங்கி எட்டுச் சனிக்கிழமை, மாலை 4 மணி முதல் 6 மணி வரை. முதல் வகுப்புக்கு மறுநாள் திரித்துவத் திருவிழாவான மூவொரு இறைவன் ஞாயிறு. இயேசு யார் என்று வரையறுக்க ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் நடந்து 1700 வருடம் நிறைவதும் அதே வருடம், அதனால்தான் இப்படியொரு வகுப்பை வைத்திருக்கிறார்கள். கட்டணம் 1500 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. அதற்குள் குறிப்புத் தாள்களும் இடைவேளையில் பிளேன்டீயும் பணிஸும் அடக்கம். படிப்பித்தது இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லாருக்கும் அவர் 'சேர்'. மற்றவர் ஓர் இளம் ஃபாதர். இருவருமே பெயர் போடுவதை விரும்பமாட்டார்கள், அதனால் போடவில்லை. கத்தோலிக்கர்தான் கூட. ஆனாலும் மெதடிஸ்த சபையிலிருந்து நாலைந்து பேர் கடைசிவரை வந்தார்கள். முதல்நாள் நாற்பது பேர் அளவில் இருந்தோம், முடியும்போது பாதிக்குக் கொஞ்சம் மேல்.

முதல் வாரம் அறிமுகம். அதில் ஒன்றுதான் சொல்லவேண்டும். ஃபாதர் கரும்பலகையில் 1 பேதுரு 3:15 என்று எழுதினார். நம் நம்பிக்கையைப் பற்றி யாராவது விளக்கம் கேட்டால் விடை சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று வருகிற இடம். எல்லாரும் அதுவரைக்கும்தான் சொல்வார்கள். அவர் அதற்கடுத்த சொற்களின் கீழே இரண்டு கோடு போட்டார்: பணிவோடும் மரியாதையோடும். பிறகு, "இந்த எட்டு வாரத்தில் நீங்கள் யாரையும் வெல்லப் பழகப்போவதில்லை" என்றார். இரண்டாம் வாரம் வராமல் போனவர்களில் சிலருக்கு அந்த வசனம் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வாரம்தான் என்னைக் கட்டிப்போட்டது. திரித்துவத்துக்கு நாம் சொல்லும் உவமைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு சேர் பலகையில் எழுதினார். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி. முட்டையின் ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு. ஒரே ஆள் வீட்டில் அப்பா, கந்தோரில் அதிகாரி, தாய்க்கு மகன். சைவ வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் வில்வம் இலையைச் சொன்னாள். நான் எங்கள் வாவியைச் சொன்னேன். கல்லடிப் பாலத்தடியில் வாவி, முகத்துவாரத்தில் கலக்கும் இடம், அதற்கப்பால் கடல், மூன்று பெயர் ஆனால் ஒரே தண்ணீர். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சேர் எதையும் உடனே அழிக்கவில்லை. மத்தேயு 3ஆம் அதிகாரத்தின் கடைசியை வாசிக்கச் சொன்னார். யோர்தானில் இயேசு தண்ணீரிலிருந்து ஏறுகிறார், ஆவி புறாவைப் போல இறங்குகிறார், வானத்திலிருந்து தந்தையின் குரல் கேட்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில். "அப்போ ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிறார் என்று எப்படிச் சொல்வது? தன்னைத் தானே வானத்திலிருந்து கூப்பிடுகிறாரா?" என்று கேட்டார். தண்ணீர் உவமையும் அப்பா-அதிகாரி உவமையும் அங்கே விழுந்தன. மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் சபெல்லியுஸ் என்பவரின் பெயரோடு திருச்சபை தள்ளிவிட்ட கருத்து அதுதானாம். நாங்கள் அதையே இத்தனை காலமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் ஒரு பையன் விடவில்லை. 0.01 பாகை செல்சியஸில், 611 பஸ்கால் அழுத்தத்தில் தண்ணீரும் பனியும் ஆவியும் ஒன்றாக இருக்குமே என்றான். சேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கேள்வி தம்பி. அந்தப் பாத்திரத்தில் பனியாக இருக்கிற துணிக்கையேதான் அந்தக் கணத்தில் ஆவியாகவும் இருக்கிறதா?" பையன் யோசித்துவிட்டு இல்லை என்றான். "அப்போ அதுவும் பங்கு பிரித்ததுதான். முட்டையும் அதுதான், டீச்சரின் வாவியும் அதுதான். வாவியில் கிடக்கும் தண்ணீர் கடலில் இல்லை. தந்தை கடவுளில் மூன்றிலொரு பங்கு இல்லை. மகனும் இல்லை, ஆவியும் இல்லை. ஒவ்வொருவரும் முழுக் கடவுள்."

நான் இடைவேளையில் போய் அந்த 1×1×1 கதையைச் சொன்னேன். "ஏன் பெருக்கினீங்க?" என்று மட்டும் கேட்டார். அதே கேள்வி. "தெரியாது சேர்" என்றேன். "அப்போ அதை விட்டுடுங்க. சரியான பதில் இல்லாத இடத்தில் பிழையான பதிலை வைத்தால், சரியானது வரும்போது வைக்க இடம் இருக்காது" என்றார். அந்த வசனத்தை என் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் வாரம் முழுக்க மொழி. தமிழ் படித்தவர்கள் இந்த வாரத்தைத் தவறவிடக்கூடாது. எங்கள் பழைய மறைக்கல்வியில் கடவுள் 'மூன்று ஆட்களாய்' இருக்கிறார் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். எங்கள் ஊர்ப் பேச்சில் 'மூண்டு ஆள் வந்தவங்க' என்றால் மூன்று தனித்தனி மனிதர்கள், மூன்று உடல், மூன்று மனம். அந்தப் படத்தோடு கேட்டால் மூன்று கடவுள் என்றுதான் யாருக்கும் கேட்கும். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. கிரேக்கத்தில் ஹிப்போஸ்தாசிஸ், லத்தீனில் பெர்சோனா என்று சொன்னவர்களுக்கும் இதே திண்டாட்டம் இருந்திருக்கிறது. தகுந்த சொல் கிடைக்காமல் கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் ஒன்றையொன்று சந்தேகப்பட்ட காலமும் இருந்தது.

அப்புறம் சேர் பலகையில் இரண்டே சொல் எழுதினார்: 'எது', 'யார்'. அஃறிணைக்கு ஒரு கேள்வி, உயர்திணைக்கு ஒரு கேள்வி. கடவுள் எது என்று அவருடைய இயல்பைக் கேட்டால் விடை ஒன்று. பிரிக்க முடியாத, கூறுபோட முடியாத ஒரே இறையியல்பு. யார் என்று கேட்டால் தந்தை, மகன், தூய ஆவி. ஒரே கேள்விக்கு ஒன்று என்றும் மூன்று என்றும் சொன்னால்தான் முரண். இரண்டு வேறு கேள்விக்கு இரண்டு வேறு விடை சொல்வது முரண் இல்லை. கணக்கில் இது முதல் பாடம். அலகு வேறானால் கூட்டவும் முடியாது, ஒப்பிடவும் முடியாது. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. மர்மம் தீர்ந்துவிட்டது என்பதால் இல்லை. நான் நம்புவது மடத்தனம் இல்லை என்று என் சொந்தப் பாடத்தின் மொழியிலேயே கேட்டேன், அதனால்.

அதோடு யோவான் 10:30. "நானும் தந்தையும் ஒன்றாய் இருக்கிறோம்." ஒருவராய் இல்லை, ஒன்றாய். கிரேக்க மூலத்திலும் அந்தச் சொல் ஆண்பால் இல்லை, நம் அஃறிணை போல ஆணும் பெண்ணும் அல்லாத பால். மெதடிஸ்த சகோதரர்களின் பழைய மொழிபெயர்ப்பிலும் 'ஒன்றாயிருக்கிறோம்' என்றுதான் இருக்கிறது. ஆளால் இருவர், இயல்பால் ஒன்று. தமிழ்த் திணையே அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. இத்தனை வருடம் வாசித்தும் அந்த ஒரு சொல்லின் வித்தியாசத்தை நான் பார்த்ததே இல்லை.

நாலாம் வாரம் நிசேயா. "கொன்ஸ்தந்தீன் பேரரசன்தான் இயேசுவைக் கடவுளாக்கினான்" என்று இப்போது கைபேசியில் பரவுகிற பேச்சுக்குப் பதில் இங்கே கிடைக்கும். அலெக்சாந்திரியாவின் குருவானவர் ஆரியுஸ், மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்றார். அதை மாலுமிகளும் மா அரைப்பவர்களும் பாடுவதற்கு ஏற்ற பாட்டாகக் கட்டிவிட்டார் என்று ஒரு பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கூத்துப் பாட்டு ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கும் என்று தெரியும். 325இல் ஆயர்கள் கூடி, மகன் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என்றார்கள். பிறகு சிலர் 'ஒத்த பொருளானவர்' என்று வைத்துச் சமரசம் பண்ணப் பார்த்தார்கள். கிரேக்கத்தில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். தமிழில் 'ஒரே', 'ஒத்த' என்று வைத்துப் பார்த்தால் உடனே விளங்குகிறது. என் மகள் என்னை ஒத்தவள், ஆனால் அவளும் நானும் ஒரே உயிர் இல்லை.

பேரரசன் விஷயத்துக்கு வருகிறேன். நிசேயாவுக்கு இருநூறு வருடத்துக்கு முன்பே, ஏறக்குறைய 112இல், பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவுக்குக் கடவுளுக்குப் போலப் பாடல் பாடுகிறார்கள் என்கிறான். அவன் நம்மவன் இல்லை, நம்மைத் தண்டித்தவன். இன்னொன்று, கொன்ஸ்தந்தீன் 337இல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியுஸின் பக்கம் சாய்ந்த நிக்கொமேதியா ஆயர் யுசேபியுஸின் கையால். அவன் மகன் கொன்ஸ்தான்சியுஸ் ஆரியுஸின் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தான். நிசேயாவின் விசுவாசத்துக்காக நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் ஐந்து தடவை நாடுகடத்தப்பட்டார். அரசர் வைத்ததுதான் சட்டம் என்றால் இன்று நாங்கள் எல்லாரும் ஆரியுஸின் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருப்போம். இதை ஃபாதர் ஆறுதலாக, திகதி திகதியாக விளங்கப்படுத்தினார். நிசேயாவின் விசுவாச அறிக்கையில் தூய ஆவியைப் பற்றிய பகுதியை 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் விரித்தது என்பதோடு மட்டும் நிறுத்திவிட்டார். அது போதாது. ஆவியானவரை எட்டு வாரமும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது என் பெரிய மனக்குறை.

ஐந்தாம் வாரத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. மெதடிஸ்த சகோதரர் ஒருவர், எழுபது வயதிருக்கும், வீட்டு வாசலுக்கு வரும், திரித்துவத்தை ஏற்காத யெகோவாவின் சாட்சிகளுக்கு எப்போதும் 1 யோவான் 5:7ஐத்தான் காட்டுவாராம். அவருடைய பழைய வேதாகமத்தில் பரலோகத்தில் சாட்சி சொல்கிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்று என்று தெளிவாக இருக்கிறது. எங்கள் திருவிவிலியத்தில் அந்த வரி இல்லை. நீங்கள் ஏன் எடுத்தீர்கள் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். சேர் எழுந்துபோய் அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பதில் சொன்னார். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை. லத்தீன் வழியாக வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது 1516இலும் 1519இலும் அதைச் சேர்க்கவில்லை, 1522ஆம் பதிப்பில்தான் சேர்த்தார். அதிலிருந்து பழைய மொழிபெயர்ப்புகளுக்கு வந்தது.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. பெரியவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். சேர் சொன்னார்: "ஐயா, ஆரியுஸோடு வாதாடிய கிரேக்கத் தந்தையர் ஒருவரும் இந்த வரியைக் காட்டவில்லை. அவர்களிடம் இது இல்லை. இது இல்லாமலேதான் நிசேயா வந்தது. அப்போ நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை." பிறகு மத்தேயு 28:19ஐ எடுத்தார். தந்தை, மகன், தூய ஆவி பெயரால் திருமுழுக்கு. பெயர்களால் இல்லை, பெயரால். மூவருக்கும் ஒருமை. அந்தப் பெரியவர் அடுத்த வாரம் வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்பே வந்து முன்வரிசையில் இருந்தார்.

ஆறாம் வாரம் வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். ஏன் அழைத்தார்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. 'விமர்சனங்களுக்குப் பதில்' என்பது தலைப்பு. அவர் பதில் சொல்லவில்லை, அடுத்தவர் வேதத்தைக் கிண்டல் பண்ணினார். சிலர் சிரித்தார்கள். எனக்கு என் பக்கத்து மேசை முகம்தான் கண்ணுக்குள் வந்தது. வீட்டில் மாமி இருக்கிறார், என் கணவரின் தாய். ஒவ்வொரு ஆடியமாவாசைக்கும் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகிறவர். "மும்மூர்த்தி மாதிரித்தானே புள்ள உங்கட கடவுளும்?" என்று அன்பாகக் கேட்பவர். இவர்கள் இருவரும் இந்த மண்டபத்தில் இருந்தால் அந்தப் பேச்சாளர் இப்படிப் பேசுவாரா? முடிந்ததும் ஃபாதரிடம் போய் முதல் வாரம் அவர் கோடு போட்ட சொற்களை ஞாபகப்படுத்தினேன். அவர் தட்டிக்கழிக்கவில்லை. ஏழாம் வாரம் தொடங்கும்போது எல்லார் முன்னாலும் அதற்காக மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு இல்லாவிட்டால் நான் இந்த வகுப்பை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏழும் எட்டும் கேள்விப் பெட்டி. அவசரம் அவசரமாகப் போனது. "தந்தை என்னைவிடப் பெரியவர்" (யோவான் 14:28) என்பதற்கு நல்ல விளக்கம் கிடைத்தது. அந்த நாளும் வேளையும் மகனுக்கும் தெரியாது (மாற்கு 13:32) என்பதற்கு, மனிதராக அவருக்குத் தெரியாது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். கேட்டவர் முகத்தில் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. 'திரித்துவம்' என்ற சொல்லே விவிலியத்தில் இல்லையே என்ற கேள்விக்கு மட்டும் சுருக்கமே போதுமாக இருந்தது. சொல் இரண்டாம் நூற்றாண்டின் முடிவில் அந்தியோக்கிய ஆயர் தெயோபிலுவிடமும் பிறகு தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரிடமும் வருகிறது, பொருள் அதற்கு முன்பே திருமுழுக்கிலும் வழிபாட்டிலும் இருக்கிறது.

குறைகள் இன்னும் சில. குறிப்புத் தாள்களின் போட்டோகொப்பி மிக மோசம். நாலாம் வாரத் தாளில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல். ஜூலைக் கச்சான் காற்றில் அந்த மண்டபம் அடுப்பு மாதிரி, இரண்டு மின்விசிறி காணாது. சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இடம் இல்லை. பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் சரிவராது, என் மகளுக்கு வயது பதினைந்து, அவளே மூன்றாம் வாரம் திணறினாள். மற்றபடி கொடுத்த 1500 ரூபாய்க்கு அதிகமாகவே கிடைத்தது.

வகுப்பு முடிந்த அடுத்த வாரம் ஓய்வறையில் நானே கதையைத் தொடங்கினேன். "டீச்சர், அண்டைக்கு நான் சொன்ன பெருக்கல் கணக்குப் பிழை. அது பதிலே இல்லை" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். கடவுள் ஒருவரே என்பதுதான் எங்களுக்கும் முதல் கட்டளை, மாற்கு 12இல் இயேசுவே அதைச் சொல்கிறார் என்றேன். எது, யார் என்ற இரண்டு கேள்வியையும் சொன்னேன். "மாதாவும் அந்த மூண்டுக்குள்ள ஒருத்தரா?" என்று கேட்டார். ஆயித்தியமலை மாதா கோவில் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்த யாருக்கும் வரக்கூடிய கேள்வி. இல்லை, மாதா படைக்கப்பட்டவர், நாங்கள் அவரை ஆராதிப்பதில்லை, எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறோம் என்றேன். நீண்ட நேரம் யோசித்தார். "நான் நினைச்சது வேற, நீங்க சொல்றது வேற டீச்சர். எனக்கு ஏற்க ஏலாது. ஆனா இப்ப விளங்குது" என்றார். நானும் அவர் எதை ஏன் ஏற்கவில்லை என்று அன்றுதான் முதன்முறையாக ஒழுங்காகக் கேட்டேன். மணி அடித்துவிட்டது, பாதியில் எழும்பினோம்.

போகும்போது, அந்த நிசேயாத் தாளை வாசிக்கத் தர முடியுமா என்று கேட்டார். சாம்பலாகிப்போன அந்தத் தாளை எப்படிக் கொடுப்பது? அன்றிரவு என் கொப்பியைப் பார்த்து இரண்டு பக்கம் கையால் எழுதினேன். 'ஒரே பொருளானவர்' என்ற இடத்தில் வந்து, இதை அவருக்கு விளங்குகிற மாதிரி எப்படி எழுதுவது என்று அரை மணித்தியாலம் இருந்தேன். கடைசியில் அந்தச் சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் ஓரமாக, "இதை நேரில் கதைப்போம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.